தன்னைத்தானே ஆய்தல்: கல்பாக்கம் அணு மறுசெயலாக்க ஆலையும் தொழிற்சாலை ஆய்வுமுறையும் (1948–2012)

ஆய்வுச்சுருக்கம்

தொழிற்சாலையின் பாதுகாப்பை ஆய்வு செய்பவர் அத்தொழிற்சாலையில் நலன் ஏதும் உடையவராக இருத்தலாகாது என்பது இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் அமைந்த கல்பாக்கம் அணு மறுசெயலாக்க ஆலையைப் பொறுத்தவரை அந்நெறி எவ்வாறு படிப்படியாகத் தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தோற்றம், 2000ஆம் ஆண்டின் நிருவாக மாற்றம் ஆகியவற்றின் பின்னணியில் 2003 சனவரி 21இல் அவ்வாலையில் நிகழ்ந்த கதிர்வீச்சு நேர்ச்சி இங்கு ஆராயப்படுகின்றது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் விலக்கப்பட்ட இடத்தில் அவரது பணியின் ஒரு பகுதியைத் தொழிலாளர் சங்கமே ஆற்ற நேர்ந்தது என்பதும், அப்பணிக்குரிய பாதுகாப்பு அச்சங்கத்திற்குக் கிட்டவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தொழிற்சாலை ஆய்வு, கல்பாக்கம், மறுசெயலாக்க ஆலை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், தொழிலாளர் சங்கம், செங்கற்பட்டு மாவட்டம்.

முன்னுரை

மதுராந்தகம் ஏரிப் பாசன வட்டாரம் நெல்லுக்கும் கரும்புக்கும் பெயர் பெற்றது. மதுராந்தகத்தை அடுத்த படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. சிற்றூர்தோறும் அரிசி ஆலைகள் உள்ளன. இவ்வட்டாரத்திற்குக் கிழக்கே, சதுரங்கப்பட்டினத்திற்கும் புதுப்பட்டினத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையில், கல்பாக்கம் அணுசக்தி வளாகம் அமைந்துள்ளது. கரும்பு பிழியும் ஆலையும் அணு எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் ஆலையும் ஒரே வருவாய் மாவட்டத்தில் இயங்கின. எனினும், அவ்விரு இடங்களிலும் பணியாற்றியோரின் பாதுகாப்பைச் சோதித்தறியும் அதிகாரம் வெவ்வேறு கைகளில் இருந்தது. இவ்வேறுபாடு எவ்வாறு உருவாயிற்று, அதன் விளைவு யாது என்னும் வினாக்களே இக்கட்டுரைக்குக் களமாகின்றன.

கல்பாக்கம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் அணு உலை எதிர்ப்பு, சுற்றுச்சூழல், கரையோர மக்களின் உடல்நலம் ஆகியவற்றை மையமிட்டவை. அவ்வளாகத்தைத் 'தொழிற்சாலை' என்னும் நிலையிலும், அங்குப் பணிபுரிவோரைத் 'தொழிலாளர்' என்னும் நிலையிலும் வைத்து நோக்கும்போது தொழிற்சாலை ஆய்வுமுறை வரலாற்றின் விடுபட்ட பகுதி ஒன்று புலனாகின்றது.

1. ஆய்வாளர் என்னும் மூன்றாமவர்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் இயற்றப்பட்டது. இயந்திர விசையுடன் நூறு பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஆலைகளுக்கே அது பொருந்தியது. இடர் விளைக்கும் இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும், நேர்ச்சிகளை அறிவிக்க வேண்டும் என அச்சட்டம் விதித்தது. தனி ஆய்வாளர் நியமிக்கப்படாத இடங்களில் மாவட்ட நீதித்துறை நடுவரே அப்பொறுப்பை வகித்தார். வருவாய், காவல், நீதி எனப் பல பணிகளைச் சுமந்த ஓர் அலுவலர் ஆலையின் சக்கரங்களையும் பட்டைகளையும் சோதிப்பது பெயரளவிலேயே நிகழ்ந்தது. 1907–08இல் செயற்பட்ட இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் இக்குறையைப் பதிவு செய்தது. அவ்வாணையத்தில் உறுப்பினராக இருந்த சென்னையைச் சேர்ந்த மருத்துவர் டி. எம். நாயர், வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்தையும் சட்டத்தால் வரையறுக்க வேண்டுமென்று பெரும்பான்மையோரிடமிருந்து வேறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். சட்டம் இயற்றுவதால் மட்டும் ஆலைக்குள் மாற்றம் நேராது; சட்டத்தைக் கையிலேந்தி உள்ளே நுழைவதற்கு ஒருவர் வேண்டும் என்பதே இவ்விவாதங்கள் உணர்த்திய பாடம்.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1949 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 8ஆம் பிரிவு ஆய்வாளர் நியமனத்தைப் பற்றியது. அப்பிரிவின் 3ஆம் உட்பிரிவு இக்கட்டுரைக்கு முதன்மையானது. ஒரு தொழிற்சாலையிலோ அங்கு நடைபெறும் செய்முறையிலோ தொழிலிலோ நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் உடையவர் எவரும் ஆய்வாளராக நியமிக்கப்படலாகாது. நியமனத்திற்குப் பின் அத்தகைய நலன் ஏற்பட்டாலும் அவர் அப்பதவியில் நீடிக்கலாகாது என்பது அதன் சாரம். சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாதத்தில், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டுத் தொழிலாய்வு உடன்படிக்கையை (எண் 81) இந்தியா ஏற்புறுதி செய்தது. அவ்வுடன்படிக்கையும் தம் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களில் ஆய்வாளர் நலன் கொண்டிருப்பதைத் தடுக்கின்றது. முறையீடு செய்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியிடலாகாது என்றும் அது கூறுகின்றது.

எனவே, ஆலை முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் இருவரையும் சாராத மூன்றாமவராகவே ஆய்வாளரைச் சட்டம் கருதியது எனலாம். அவருக்கு அதிகாரம் அளித்தது அரசு. மதிப்பு அளித்தது அவர் அவ்வாலையைச் சேர்ந்தவர் அல்லர் என்னும் நிலை.

2. ஒரு மாவட்டம், இரு ஆய்வுமுறைகள்

படாளம் சர்க்கரை ஆலை போன்றவற்றிற்கு இம்மூன்றாமவர் மாநில அரசின் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தார். 1950ஆம் ஆண்டுச் சென்னைத் தொழிற்சாலைகள் விதிகளின்படி அவர் செயற்பட்டார். கரும்பு அரைக்கும் உருளைகள், சங்கிலிக் கடத்திகள், விரைந்து சுழலும் சர்க்கரை பிரிப்பான்கள் முதலியவற்றின் காப்புகளைப் பார்ப்பது அவரது பணி. நீராவிக் கொதிகலன்களுக்கு 1923ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்தின்கீழ்த் தனி ஆய்வாளர் இருந்தார். இவர்களுள் எவரும் ஆலையின் ஊழியர் அல்லர். ஆய்வு எத்துணைச் சிறப்பாக நடந்தது என்பது வேறு வினா. ஆய்வாளர் வெளியிலிருந்து வந்தார் என்பது உறுதி.

அணுசக்தித் துறையின் தொழிற்சாலைகளுக்கு வேறு வழி வகுக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின் நோக்கங்களுக்காக இயங்கும் நடுவண் அரசுக்குரிய தொழிற்சாலைகளில் தொழிற்சாலைகள் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் நடுவண் அரசையே சார்ந்தது. ஆய்வுப் பணியாளரை நியமிப்பதும் விதிகளை இயற்றுவதும் அதனுள் அடங்கின. தொழிற்சாலைகள் சட்டம் கல்பாக்கத்தில் நீக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. சட்டம் அங்கேயே இருந்தது. அதை இயக்கும் கை மட்டும் மாறியது. உரிமையாளரும் நடுவண் அரசு, ஆய்வாளரை நியமிப்பவரும் நடுவண் அரசு என்னும் நிலை இதனால் உருவாயிற்று.

சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984 சனவரியிலும் இரண்டாம் அலகு 1986 மார்ச்சிலும் வணிக முறையில் மின்னாக்கத்தைத் தொடங்கின. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலை 1985 அக்டோபரில் முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டியது. பாபா அணு ஆராய்ச்சி மையத்திற்குரிய மறுசெயலாக்க ஆலை 1990களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் தண்டுகளை நறுக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் வேதிமுறையில் பிரித்தெடுப்பது அதன் பணி. எஞ்சும் நீர்மக் கழிவு கதிரியக்கச் செறிவிற்கேற்ப உயர்நிலை, இடைநிலை, தாழ்நிலை எனப் பிரிக்கப்பட்டுத் தொட்டிகளில் சேமிக்கப்படும். இவ்வகையில் அது ஒரு வேதியியல் தொழிற்சாலையே. குழாய்களும் வால்வுகளும் தொட்டிகளும் அங்கும் தேய்மானத்திற்கு உட்பட்டவையே.

3. வாரியமும் வெளிவராத அறிக்கையும்

1983 நவம்பர் 15இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. அணுசக்தித் துறை சார்ந்த நிலையங்களில் தொழிற்சாலைகள் சட்டத்தின்படியான பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பும் அதற்கு அளிக்கப்பட்டது. 23ஆம் பிரிவால் ஏற்பட்ட இடைவெளியை ஓரளவு நிரப்பும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். எனினும், வாரியம் அணுசக்தி ஆணையத்திற்குக் கட்டுப்பட்டது; அவ்வாணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளரும் ஆவார். கண்காணிக்கப்படும் துறையின் தலைமைக்கே கண்காணிக்கும் அமைப்பு விடையளிக்க வேண்டியிருந்தது.

இவ்வமைப்பின் வரம்பு 1995–96இல் வெளிப்பட்டது. ஏ. கோபாலகிருஷ்ணன் வாரியத் தலைவராக இருந்த காலத்தில், அணுசக்தித் துறையின் நிலையங்களிலுள்ள பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்து வாரியம் ஓர் அறிக்கை அணியப்படுத்தியது. 130க்கும் மேற்பட்ட சிக்கல்கள் அதில் சுட்டப்பட்டிருந்தன. அவ்வறிக்கையை வெளியிடுமாறு கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகம் முதலிய அமைப்புகள் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகின. உயர் நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. 2004 சனவரியில் உச்ச நீதிமன்றமும், தகவலை வெளியிடாமல் தடுக்க அரசுக்கு அதிகாரமளிக்கும் அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தது.

ஆய்வுமுறை வரலாற்றில் இத்தீர்ப்புக்குத் தனி இடம் உண்டு. ஆய்வு என்பது குறையைக் காண்பதோடு முடிவதில்லை. கண்ட குறை அதனால் பாதிப்புறுவோருக்குத் தெரிய வேண்டும். போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் இக்கருத்தையே வலியுறுத்தின. தம் உடல்நலம், பாதுகாப்பு குறித்த தகவலை நிருவாகத்திடமிருந்து பெறும் உரிமையைப் பிரிவு 111அ தொழிலாளிக்கு வழங்கியது. உடனடி இடர் இருப்பதாகக் கருதும் தொழிலாளர் அதனை நிருவாகத்திற்கும், அதே வேளையில் ஆய்வாளருக்கும் அறிவிக்கப் பிரிவு 41எச் வழி செய்தது. பொதுத் தொழிற்சாலைகளில் தகவல் உரிமை விரிவடைந்த அதே காலப்பகுதியில், அணுசக்தி நிலையங்களைப் பற்றிய ஆய்வு முடிவுகள் மறைபொருளாகவே நீடித்தன.

4. 2000ஆம் ஆண்டின் மாற்றம்

1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளுக்குப் பின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் படைத்துறை சார்ந்த பணிகள் முதன்மை பெற்றன. 2000ஆம் ஆண்டில் அம்மையத்திற்குரிய நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. அப்பொறுப்பு மையத்தின் உள்ளமைப்பான பாதுகாப்பு மன்றத்திடம் சென்றது. கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையும் இம்மாற்றத்திற்கு உட்பட்டது.

இதன் விளைவாகக் கல்பாக்கம் வளாகத்திற்குள்ளேயே ஒரு பிளவு தோன்றியது. மின் நிலையத்தின் உலைகள் வாரியத்தின் கண்காணிப்பில் தொடர்ந்தன. அவ்வுலைகளிலிருந்து வெளிவரும் எரிபொருளைக் கையாளும் ஆலை அதன் எல்லைக்கு அப்பால் சென்றது. மதுராந்தகம் வட்டாரத்தையும் சேர்த்து நோக்கின், அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதிக்குள் மூன்று ஆய்வுமுறைகள் நிலவின: மாநில ஆய்வாளர் வரும் சர்க்கரை ஆலை, வாரியம் கண்காணிக்கும் மின் நிலையம், தன்னைத்தானே ஆய்ந்துகொள்ளும் மறுசெயலாக்க ஆலை. ஒருபுறம் இடர் மிகுந்தது; மறுபுறம் ஆய்வாளர் ஆலைக்கு அணுக்கமானார்.

இம்மாற்றம் சட்டத்திற்குப் புறம்பானது என்று கூறுவதற்கில்லை. அணுசக்திச் சட்டம் அதற்கு இடமளித்தது. ஆயின், 8ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு எந்நிலையைத் தவிர்க்க முயன்றதோ அந்நிலையே ஒரு நிருவாக ஏற்பாடாக நிறுவப்பட்டது.

5. 2003 சனவரி 21

மறுசெயலாக்க ஆலையின் கழிவுத் தொட்டித் தொகுதியில் அன்று தொழிலாளர் தாழ்நிலைக் கழிவின் மாதிரியை எடுக்கும் வழக்கமான பணியில் ஈடுபட்டிருந்தனர். உயர்நிலைக் கழிவைத் தனித்து நிறுத்த வேண்டிய ஒரு வால்வு செயலிழந்திருந்தமையால், செறிவு மிகுந்த கழிவு தாழ்நிலைத் தொட்டிக்குள் புகுந்திருந்தது. அவர்கள் இதனை அறியவில்லை. வால்வு பழுதானதைக் காட்டும் கருவி அங்கு இல்லை. அப்பகுதியில் கதிர்வீச்சு உயர்ந்தால் எச்சரிக்கும் கண்காணிப்புக் கருவியும் இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்தபோதே உண்மை தெரிய வந்தது. ஆறு பேர் மிகையான கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்கள் பெற்ற அளவு ஏறத்தாழ 280 முதல் 420 மில்லி சீவர்ட் வரை எனக் குறிக்கப்பட்டது. கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் எந்த ஓர் ஆண்டிலும் பெறத்தக்க உச்ச வரம்பு 30 மில்லி சீவர்ட்; ஐந்தாண்டுச் சராசரி வரம்பு ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட். உச்ச வரம்பை அளவுகோலாகக் கொண்டாலும், அவர்கள் பெற்றது அதனினும் ஒன்பது மடங்கு முதல் பதினான்கு மடங்கு வரை மிகுதி.

தொழிலாளர் ஆர்வமிகுதியாலும் தவறான கணிப்பாலும் இந்நேர்ச்சி நிகழ்ந்தது என்பதும், உடலில் அணிய வேண்டிய கதிரளவிகளை அவர்கள் அணியவில்லை என்பதும் நிருவாகத்தின் விளக்கமாக இருந்தன. தொழிற்சாலை நேர்ச்சிகளின் வரலாற்றில் இவ்விளக்கம் புதியதன்று. வேலியிடாத இயந்திரத்தில் கை சிக்கியபோதெல்லாம் 'கவனக்குறைவு' என்னும் சொல் ஆலைப் பதிவேடுகளில் இடம்பெற்றது. தொழிலாளியின் கவனத்தை மட்டுமே காப்பாகக் கொள்ளலாகாது என்பதற்காகவே 1881ஆம் ஆண்டுச் சட்டம் வேலியை விதித்தது. கழிவுத் தொட்டித் தொகுதியில் இல்லாதிருந்த எச்சரிக்கைக் கருவி, அந்த வேலியின் இக்கால வடிவமே. கதிரளவி ஒருவர் எவ்வளவு கதிர்வீச்சைப் பெற்றார் என்பதைப் பின்னர்க் காட்டுவது. வரவிருக்கும் இடரை முன்கூட்டி அறிவிப்பது இடத்தில் பொருத்தப்படும் கருவி. முன்னதன் குறையைக் கொண்டு பின்னதன் இன்மையை விளக்க இயலாது.

6. சங்கத்தின் கடிதம்

நேர்ச்சி நிகழ்ந்த மூன்றாம் நாள், அதாவது சனவரி 24 அன்று, பாபா அணு ஆராய்ச்சி மைய நிலையங்களின் ஊழியர் சங்கம் நிருவாகத்திற்குக் கடிதம் எழுதியது. பத்துப் பாதுகாப்புக் கோரிக்கைகள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமித்தல். ஆயிரம் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தொழிற்சாலைகளிலும், இடர் மிகுந்தவை எனக் கருதப்படும் தொழிற்சாலைகளிலும் பாதுகாப்பு அலுவலரை நியமிப்பதற்கான பிரிவு 40ஆ தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976இலேயே சேர்க்கப்பட்டிருந்தது. பொதுச் சட்டம் கால் நூற்றாண்டுக்கு முன் ஏற்றுக்கொண்ட ஒன்றை, நாட்டின் மிகச் சிக்கலான ஆலைகளுள் ஒன்றில் தொழிலாளர் கோரிக்கையாக முன்வைக்க நேர்ந்தது.

உரிய விடை கிடைக்காத நிலையில் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முன்னணியில் நின்ற ஊழியர் சிலர் இடமாற்றம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் விரைவிலேயே முடிவுற்றது. இந்நேர்ச்சி இந்திய அணுசக்தி வரலாற்றில் கதிர்வீச்சுக்கு ஆட்பட்ட நிகழ்வுகளுள் மிகக் கடுமையானது என மையத்தின் இயக்குநர் பொதுவெளியில் ஒப்புக்கொண்டது அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான். நேர்ச்சிக்கும் இவ்வொப்புதலுக்கும் இடையே ஆறு மாதங்களுக்கு மேல் கழிந்திருந்தன.

குறையைக் கண்டறிதல், எழுத்தில் பதிவு செய்தல், திருத்தத்திற்கான வழியைச் சுட்டுதல் ஆகிய மூன்றும் ஆய்வாளரின் பணிகள். 2003 சனவரியில் இம்மூன்றையும் சங்கத்தின் கடிதம் செய்தது. ஆனால் ஆய்வாளருக்குச் சட்டம் வழங்கும் எதுவும் சங்கத்திடம் இல்லை. விடையளிக்குமாறு கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. வழக்குத் தொடரும் தகுதி இல்லை. முறையீட்டாளரின் பெயரை மறைத்துக் காக்கும் ஏற்பாடும் இல்லை. கடிதத்தில் கையொப்பமிட்டோர் ஆய்வுக்குள்ளான ஆலையின் ஊதியத்தில் வாழ்வோர். மூன்றாமவரின் பணியை இரண்டாமவர் ஏற்கும்போது அதற்குரிய விலையையும் அவரே தர வேண்டியிருந்தது.

7. மறுதரப்பு வாதங்கள்

இந்த ஏற்பாட்டிற்கு ஆதரவாக இரு வாதங்கள் உள்ளன. முதலாவது, நாட்டுப் பாதுகாப்பு. புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையின் உற்பத்தி அளவும் செய்முறையும் வெளியே தெரியலாகாது என்பது ஏற்கத்தக்கதே. எனினும், ஒரு தொட்டிப் பகுதியில் எச்சரிக்கைக் கருவி உள்ளதா என்னும் செய்தி உற்பத்தி அளவை வெளிப்படுத்துவதன்று. மறைக்கப்பட வேண்டியதையும் அறிவிக்கப்பட வேண்டியதையும் பிரித்தறியும் ஏற்பாடு இன்மையே இங்குச் சிக்கலாகின்றது.

இரண்டாவது, துறையறிவு. மறுசெயலாக்க ஆலையைச் சோதிக்கும் பயிற்சி பொதுத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு இல்லை என்பது உண்மை. ஆயின், அணு உலைகளுக்கும் அதே அளவு துறையறிவு வேண்டும். அவை வாரியத்தின் கண்காணிப்பிலேயே தொடர்ந்தமை, துறையறிவும் வெளியாய்வும் ஒருங்கே அமையக்கூடும் என்பதற்குச் சான்றாகின்றது.

2000ஆம் ஆண்டின் மாற்றமே 2003 நேர்ச்சிக்குக் காரணம் என முடிவு கட்டுவதும் பொருந்தாது. வால்வு பழுதுற்றமைக்கு நிருவாக ஆணை காரணமாகாது. 2000க்கு முன்னரும் வாரியம் முழுத் தன்னாட்சி பெற்றிருக்கவில்லை. நேர்ச்சிக்குப் பின் எழுந்த நிலைமையிலேயே மாற்றத்தின் விளைவு தெளிவாகின்றது. நிருவாகம் தன் விளக்கத்தைத் தன் உள்ளமைப்பின் முன்னிலையிலேயே வைத்தது. அவ்விளக்கத்தை ஏற்கவோ மறுக்கவோ வல்ல வேறோர் அமைப்பு இல்லை.

8. 2003க்குப் பின்

அணுப் பாதுகாப்பு குறித்த பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2005இல் ஏற்புறுதி செய்தது. ஒழுங்குபடுத்தும் அமைப்பும் அணுசக்தியை வளர்க்கும் அமைப்பும் பயனுறு வகையில் பிரிந்திருக்க வேண்டும் என அதன் 8ஆம் உறுப்பு கூறுகின்றது. ஆனால் அவ்வுடன்படிக்கை குடிசார் அணுமின் நிலையங்களுக்கே உரியது. கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலை அதன் வரம்பிற்குள் வரவில்லை. புகுசிமா பேரழிவுக்குப் பின், 2011இல், தன்னாட்சி ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றை நிறுவுவதற்கான சட்டமுன்வரைவு மக்களவையில் கொணரப்பட்டது. அது நிறைவேறாமலே 2014இல் காலாவதியாயிற்று. 2012இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திற்குச் சட்டவழித் தன்னாட்சி இன்மையைத் தம் அறிக்கையில் சுட்டிக்காட்டினார். 1948இல் தொழிற்சாலை ஆய்வாளருக்கு விதிக்கப்பட்ட நெறி, 64 ஆண்டுகளுக்குப் பின் தணிக்கை அறிக்கையின் குறைப்பட்டியலில் மீண்டும் தோன்றியது.

முடிவுரை

மதுராந்தகம் வட்டாரத்துச் சர்க்கரை ஆலைக்கும் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலைக்கும் பொருந்திய தாய்ச்சட்டம் ஒன்றே. அச்சட்டம் ஆய்வாளரை ஆலையினின்றும் பிரித்து நிறுத்தியது. 1962, 1983, 2000 ஆகிய மூன்று கட்டங்களில் அப்பிரிவினை கல்பாக்கத்தில் கைமாறியும் குறுகியும் இறுதியில் ஆலைக்குரிய நிறுவனத்திற்குள்ளேயே அடங்கிற்று. ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனி நியாயம் கூறப்பட்டது. மூன்றும் சேர்ந்து உருவாக்கிய நிலையின் பொருள் 2003 சனவரியில் ஆறு தொழிலாளரின் உடலில் பதிவாயிற்று.

தொழிற்சாலை ஆய்வின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்தச் சட்டம் எந்த ஆண்டில் வந்தது என்பதோடு, அச்சட்டத்தைக் கையிலேந்தி ஆலையின் வாயிலில் நுழைந்தவர் யார், அவர் யாருக்கு விடையளித்தார், அவர் கண்டது யாருக்குத் தெரிந்தது என்னும் வினாக்களையும் கேட்கும்போதே அவ்வரலாறு முழுமை பெறும். கல்பாக்கத்தைப் பொறுத்தவரை, அவ்வினாக்களுக்குரிய விடையின் ஒரு பகுதி அரசு ஆவணங்களில் இல்லை. 2003 சனவரி 24ஆம் நாளிட்ட ஒரு தொழிலாளர் சங்கக் கடிதத்தில் உள்ளது. தொழிற்சங்க ஆவணங்களைத் தொழிற்பாதுகாப்பு வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு ஆராய்வதற்கான தேவையை இக்கடிதம் உணர்த்துகின்றது.